மாந்தோப்பு மோட்டார் ரூமுக்கு வைஃபை: ஃபர்ம்வேர் மாற்றினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பை ஒட்டிய பழைய கல் வீடு, கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபர் இணைப்பு, கூடத்தில் அவர் மாட்டிவிட்டுப் போன பெட்டி. அறுபது, எழுபது மீட்டர் தள்ளி மோட்டார் ரூம். அங்கே ஒரு கேமரா வைக்க வேண்டும், ஆனால் சிக்னல் போகவில்லை. சும்மா கிடக்கும் டிபி-லிங்க் 841 ரவுட்டரில் ஓபன் டபிள்யூஆர்டி என்ற ஃபர்ம்வேரை (ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளை) ஏற்றினால் ரேஞ்ச் இரண்டு மடங்காகும் என்று உங்கள் அக்கா மகன் சொல்கிறார். அப்புறம், தெரியாத போன்கள் சில உங்கள் வைஃபையில் ஏறியிருப்பது போலத் தெரிகிறது, ஃபர்ம்வேர் மாற்றினால் அதுவும் நின்றுவிடுமா, மாற்றும்போது ரவுட்டர் செத்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வி போல இருந்தாலும் சிக்னல் தூரமாகப் போக என்ன வழி என்பது ஒன்று, வைஃபையை எப்படிப் பூட்டுவது என்பது வேறு. பழைய ரவுட்டருக்கு இரண்டிலும் வேலை உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் வேலை அல்ல. நான் கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் வீடுகளுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் நெட்வொர்க் போட்டுத் தருகிறவன். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ரேஞ்ச். ஃபர்ம்வேர் மாற்றுவதால் தூரம் இரண்டு மடங்காகாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆன்டெனாவும் ரேடியோ சிப்பும் அதேதான். சிலர் ஃபர்ம்வேரில் நாட்டைக் குறிக்கும் இடத்தில் இந்தியாவை எடுத்துவிட்டு வேறு நாட்டைப் போட்டு பவரை ஏற்றச் சொல்வார்கள். திறந்த வெளியிலேயே தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் பவர் நான்கு மடங்காக வேண்டும், அதாவது 6 டெசிபல் கூட வேண்டும். சாதாரண வீட்டு ரவுட்டரில் அவ்வளவு இடைவெளி இருக்காது. அப்படியே ஏற்றினாலும் வைஃபை என்பது இரண்டு பக்கப் பேச்சு. திருவிழா மைக் செட் ஊர்க்கோடி வரை கேட்கும், ஆனால் ஊர்க்கோடியில் நிற்பவர் வாயால் சொல்லும் பதில் மேடைக்கு எட்டாது. போனும் கேமராவும் அந்த ஊர்க்கோடி ஆள்தான். போனில் முழு சிக்னல் காட்டும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். நாட்டுக் குறியீட்டை மாற்றுவது சட்டப்படியும் தவறு. 5 கிகாஹெர்ட்ஸில் சில அலைவரிசைகளை ரேடார்களும் பயன்படுத்துகின்றன, அவற்றுக்கு இடம் விடுவதற்கான விதிகள் அந்தக் குறியீட்டை வைத்துத்தான் வேலை செய்கின்றன. இந்தியாவைக் குறிக்கும் 'ஐஎன்' என்றே விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டில் சிக்னலைத் தின்பது சுவர். நம் பகுதிக்கே உரிய கல் சுவரும், அதற்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் செங்கல் சுவரைவிட அதிகமாக மறைக்கும். அதிலும் கேபிள்காரர் ஃபைபர் உள்ளே வந்த இடத்திலேயே, டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டிப் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். பர்கூர் பக்கம் ஒரு வீட்டில் மாடிக்கு சிக்னல் இல்லை என்று கூப்பிட்டார்கள். பெட்டியை பீரோவின் பக்கத்திலிருந்து எடுத்து, கூடத்து ஜன்னல் மேல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மாட்டினேன், 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை ஆட்டோவிலிருந்து 1-க்கு மாற்றினேன். அவ்வளவுதான், மாடியில் வேலை செய்தது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்துவிட்டு, காலியாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காசும் வேண்டாம், ஃபர்ம்வேரும் வேண்டாம்.

ஆனால் மோட்டார் ரூம் வேறு கதை. நடுவே மாமரங்கள் நிற்கின்றன. இலையில் இருக்கும் ஈரம் சிக்னலை உறிஞ்சும், மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம். ஜனவரியில் பூ விடும்போது சரியாக இருந்த இணைப்பு, புதுத் தளிர் அடர்ந்த பிறகு அறுந்து அறுந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். எனவே அந்த எழுபது மீட்டரைக் காற்றில் கடக்க நினைக்காமல் கம்பியில் கடப்பதுதான் நிலையான வழி. லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும் என்பதால் கணக்குப்படி போதும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது மலிவாகக் கிடைக்கும், இந்தத் தூரத்துக்கு அதை நம்ப முடியாது. லேன் கேபிளின் நல்ல குணம், அதிலேயே மின்சாரத்தையும் அனுப்பலாம். மோட்டார் ரூமில் கரண்ட் நேரத்துக்கு வரும், போகும் என்றால் இது பெரிய வசதி.

அதன் கெட்ட குணம் இடி. சித்திரை, வைகாசியில் மாங்காய் உதிர்க்கிற அந்தக் கோடை மழையில் நம் பக்கம் விழும் இடியைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கட்டடங்களை இணைக்கும் செம்புக் கம்பி வெளியே ஓடினால், பக்கத்து மரத்தில் இடி விழுந்தாலே போதும். அந்தக் கம்பி வழியாக ஏறும் மின்அழுத்தம் இரண்டு முனையிலும் உள்ள சாதனங்களைச் சாப்பிட்டுவிடும், வீட்டிலிருக்கும் ஃபைபர் பெட்டியையும் சேர்த்து. அதனால் தோப்புக்குள் போகிற இணைப்புக்கு நான் ஃபைபரைத்தான் பரிந்துரைக்கிறேன். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் வெளியே இழுக்கும் டிராப் ஃபைபர் வயர்கள் சிலவற்றில் தாங்குவதற்கு எஃகுக் கம்பி இருக்கும், அது இல்லாத வகையைக் கேளுங்கள். உங்கள் கேபிள்காரரிடமே வயரும் முனை இணைக்கும் மெஷினும் இருக்கும். இரண்டு பக்கமும் ஃபைபரை லேன் கேபிளுக்கு மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் ஒன்று வைத்தால் வேலை முடிந்தது. மோட்டார் ரூமில் கரண்டுக்கு ரவுட்டர்களுக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போதும். வாங்குவதற்கு முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் 841 வகை ரவுட்டர்கள் பெரும்பாலும் 9 வோல்ட், ஃபைபர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். மாற்றிச் சொருகினால் போச்சு.

கம்பி இழுக்கவே முடியாது, வைஃபையிலேயே தாண்ட வேண்டும் என்றால்தான் ஃபர்ம்வேருக்கு இந்த விஷயத்தில் உண்மையான வேலை வருகிறது. சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். ஓபன் டபிள்யூஆர்டி உள்ள இரண்டு ரவுட்டர்களை டபிள்யூடிஎஸ் என்ற, ரவுட்டர்களை வைஃபையிலேயே கோர்க்கும் முறையில் இணைத்தால், இரண்டும் ஒரே நெட்வொர்க் போல ஒழுங்காகப் பேசிக்கொள்ளும். ஆனால் இதற்கு இரண்டு முனையிலும் ஒத்துப்போகிற சாதனம் வேண்டும், கேபிள்காரர் பெட்டி அதற்குச் சரிவராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பார்வை இருந்தால் மொட்டை மாடியில் வைக்கும் திசை ஆன்டெனா ஜோடி கிலோமீட்டர் கணக்கில்கூடப் போகும். உங்கள் விவரிப்பில் மாமரம் நடுவே இருப்பதால் கூரைக்கு மேல் கம்பம் நட்டாலொழிய அதற்கு வழியில்லை.

அப்படியானால் இந்த மாற்று ஃபர்ம்வேர் எதற்கு? லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விட்டது. அதற்குள் இருந்தது லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம். லினக்ஸின் உரிமத்துக்குக் கட்டுப்பட்டு 2003-ல் அதன் மூல நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அந்த நிரலை அடித்தளமாக வைத்து 2004-ல் ஆரம்பித்ததுதான் ஓபன் டபிள்யூஆர்டி, பெயரில் உள்ள மூன்று எழுத்தும் அந்த ரவுட்டருடையது. கம்பெனிகள் ஒரு மாடலை விற்றுவிட்டுச் சில வருடங்களில் அப்டேட்டை நிறுத்திவிடுகின்றன. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆளில்லை. 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேலான ரவுட்டர்களிலும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளிலும் புகுந்தது. பழைய ஃபர்ம்வேரில் தெரிந்தே இருந்த ஓட்டைகளும் மாற்றப்படாத பாஸ்வேர்டுகளும்தான் அதற்குக் கதவு திறந்துவிட்டன. ஓபன் டபிள்யூஆர்டி ஒரு ரவுட்டருக்குத் தருவது ஆயுள்: கம்பெனி கைவிட்ட பிறகும் பாதுகாப்பு அப்டேட். கூடவே எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலை நம் இஷ்டப்படி பிரித்து எழுதும் உரிமை. தூரம் இந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் 841 இதற்குத் தகுதியா என்பதை அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரே பெயரில் அந்தக் கம்பெனி பத்துக்கும் மேற்பட்ட வெர்ஷன்கள் விட்டிருக்கிறது, உள்ளே சிப்பே வேறு வேறு. பலவற்றில் ஃபர்ம்வேர் உட்காரும் ஃபிளாஷ் 4 மெகாபைட், அது ஓடும்போது பயன்படுத்தும் ரேம் 32 மெகாபைட்தான். அந்த அளவுள்ள சாதனங்களுக்கு அதிகாரபூர்வ ஆதரவு ஓபன் டபிள்யூஆர்டியின் 19.07 வரிசையோடு முடிந்தது, 2020-ல் வந்த அந்த வரிசைக்கும் இப்போது அப்டேட் கிடையாது. அதைப் போய் ஏற்றினால் பழைய ஓட்டையை எடுத்துவிட்டு இன்னொரு பழைய ஓட்டையை வைத்த மாதிரி. 13-ஆம் வெர்ஷனில் மட்டும் 8, 64 என்று இருக்கும், அது தட்டுத்தடுமாறி ஓடும். 14-ல் மறுபடி 4, 32 ஆக்கிவிட்டார்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் 16 மெகாபைட் ஃபிளாஷ், 128 மெகாபைட் ரேமுக்குக் குறையாமல், மீடியாடெக் அல்லது குவால்காம் சிப் உள்ளதாகப் பாருங்கள். பிராட்காம் ரேடியோக்களை இயக்கும் திறந்த மென்பொருள் (டிரைவர்) சரியாக இல்லாததால் அவற்றைத் தவிருங்கள். கடையில் பெட்டியின் மேலே இருக்கும் மாடல் பெயரை நம்பாமல், வெர்ஷன் எண்ணை ஓபன் டபிள்யூஆர்டி தளத்திலுள்ள சாதனப் பட்டியலில் தேடிவிட்டுக் காசு கொடுங்கள்.

ரவுட்டர் சாகுமா? சரியான மாடல், சரியான வெர்ஷன், சரியான ஃபைல் என்றால் அபூர்வம். செத்ததாக என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலும் நடந்தது இரண்டில் ஒன்று: பக்கத்து வெர்ஷனின் ஃபைலை ஏற்றியிருப்பார்கள், அல்லது நடுவில் கரண்ட் போயிருக்கும். அதனால் இன்வர்ட்டர் லைனில் வைத்து, வைஃபையில் அல்லாமல் லேன் கேபிளில் லேப்டாப்பை இணைத்து வேலையை ஆரம்பியுங்கள். கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து முதல்முறை மாறும்போது பெரும்பாலான மாடல்களில் 'ஃபேக்டரி' என்று பெயரிட்ட ஃபைல், அதன் பிறகு எப்போதும் 'சிஸ்அப்கிரேட்' ஃபைல். இறக்கிய ஃபைலின் செக்சம் (ஃபைல் பழுதில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஏற்றி முடித்ததும் 192.168.1.1 என்ற முகவரியில் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கும், முதல் வேலையாக ஒன்றை வைத்துவிடுங்கள். வைஃபை தெரியவில்லையே என்று பதற வேண்டாம், அது வழக்கமாக அணைந்தே இருக்கும், நாம்தான் போட வேண்டும். ஏதாவது தவறினாலும் டிபி-லிங்க் மாடல்கள் பலவற்றில் லேப்டாப்பின் ஐபியை 192.168.0.66 என்று வைத்து, ரீசெட் பட்டனை அழுத்தியபடி பவர் கொடுத்தால், லேப்டாப்பில் ஓடும் டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் மென்பொருள் வழியாக ஃபர்ம்வேரைத் தானே இழுத்துக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால் மூடியைத் திறந்து போர்டில் சீரியல் வயர் வைக்க வேண்டியிருக்கும். அது பழகியவர் கையில் செய்ய வேண்டிய வேலை. வாரண்டி உள்ள ரவுட்டரில் இதையெல்லாம் செய்யாதீர்கள்.

இனி பூட்டு. இதில் பெரும்பகுதியை இன்றைக்கே, இருக்கிற பெட்டியிலேயே செய்யலாம். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு போன் நம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் பாதி வீடுகளில் அதுதான், கேபிள்காரரே அப்படி வைத்துவிட்டுப் போகிறார். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் ஒரு போன் இணையும் அந்த ஒரு நொடிப் பேச்சை வெளியிலிருந்து பதிவு செய்துகொண்டால் போதும், பிறகு வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் பாஸ்வேர்டைத் தேடலாம். 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10 லட்சத்துக்கு மேல் சரிபார்க்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. உங்கள் நம்பர் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதுகூட வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து வார்த்தைகளைச் சேர்த்து இருபது எழுத்துக்கு மேல் வையுங்கள். பழமொழி, சாமி பெயர், ஊர்ப் பெயர் வேண்டாம். 63 எழுத்து வரை போகலாம்.

அடுத்து பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற பட்டன் வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடிபடும் என்று 2011-லேயே வெளியாகிவிட்டது. இதன் பின்பு பல கம்பெனிகள் தவறாக முயன்றால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சேர்த்தன, உங்கள் பெட்டியில் அது இருக்கிறது என்று நம்பி உட்கார வேண்டாம். பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறாக இருக்கட்டும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியைக் கேபிள்காரரைக் கேட்டுவிட்டு அணையுங்கள், சிலர் பழுது பார்ப்பதற்கு அதைத்தான் நம்பியிருப்பார்கள்.

தெரியாத போன்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டியலில் புதுப் பெயர் தெரிந்தால் திருட்டு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் வைஃபைக்குத் தம் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்ணை) காட்டாமல் பொய் முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. உங்கள் வீட்டுப் போனே வேறு ஆள் போலத் தெரியலாம். உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி ஒன்றே, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வீட்டுப் போன்களை ஒவ்வொன்றாக ஏற்றி எண்ணுவது. அதே காரணத்தால் மேக் முகவரியை வைத்து ஆள் விலக்குவதும் பலனில்லாதது. திருட்டு இருந்தால் அலட்சியம் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் யாரோ ஒருவர் பூட்டாமல் விட்ட வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் வந்து நின்றது அந்த வீட்டு வாசலில்.

கேமராவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மலிவான கேமராக்களுக்கு அப்டேட் வருவதே அரிது, அதற்குள் புகுந்தவர் உங்கள் வீட்டு நெட்வொர்க் முழுவதையும் பார்க்கலாம். இங்கேதான் ஓபன் டபிள்யூஆர்டி தன் மதிப்பைக் காட்டும். மோட்டார் ரூமில் வைக்கும் ரவுட்டரில், வீட்டிலிருந்து வரும் கேபிளை இன்டர்நெட் உள்ளே வரும் வேன் போர்ட்டில் சொருகுங்கள். அதன் உள்முகவரியை 192.168.5.1 என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் பல ஃபைபர் பெட்டிகளும் அதே 192.168.1.1-ஐப் பிடித்திருப்பதால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பிறகு ஃபயர்வாலில் ஒரே ஒரு விதி: லேனிலிருந்து வேனுக்குப் போகும் போக்குவரத்தில், வீட்டு நெட்வொர்க்கின் முகவரி வரிசைக்குப் போவது எதுவானாலும் நிராகரி. கேமரா இன்டர்நெட்டுக்குப் போகும், ஆப்பில் படம் தெரியும், வீட்டு லேப்டாப்பை மட்டும் தொட முடியாது. கம்பெனி ஃபர்ம்வேரில் இந்த மாதிரி விதி எழுத இடம் கிடைப்பது அரிது. கேமரா தன் படத்தை அனுப்பும் வெளிநாட்டு சர்வரில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எந்த ரவுட்டரும் பார்த்துக்கொள்ளாது, ஆகவே கேமராவை வீட்டு வாசலைப் பார்த்துத் திருப்பாமல் மோட்டாரைப் பார்த்தே வையுங்கள்.

ஃபைபர் பெட்டியில் ஓபன் டபிள்யூஆர்டி ஏற்றும் எண்ணம் வேண்டவே வேண்டாம், கேபிள்காரருடைய பெட்டி அது, ஏற்றினால் இணைப்பே போய்விடலாம். அவரைக் கேட்டுப் பெட்டியை, இணைப்பை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, உங்கள் சொந்த ரவுட்டரில் யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு டயல் செய்ய முடியும். அதில் லேண்ட்லைன் போன் வந்துகொண்டிருந்தால் அது நின்றுவிடாதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓபன் டபிள்யூஆர்டி தானாக அப்டேட் ஆவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். மாதம் ஒருமுறை தளத்தைப் பார்த்து நாம்தான் ஏற்ற வேண்டும், ஏற்றும்போது செட்டிங் நிற்கும், தனியாகச் சேர்த்த மென்பொருள்கள் போய்விடும். அதைச் செய்ய வீட்டில் ஆள் இல்லை என்றால் அப்டேட் தானாக வரும் ஒரு நல்ல ரவுட்டரை வாங்குவதே மேல். உங்கள் 841-ஐக் கவிழ்த்து லேபிளில் 'வெர்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் என்ன எண் என்று எழுதுங்கள். 13 என்றால் எந்த ஃபைல், எந்த வரிசையில் ஏற்றுவது என்று சொல்கிறேன். வேறு எண் என்றால் ஃபர்ம்வேரைத் தொடாமல், சாதனங்களுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணைத்து, வீட்டுப் பெட்டியின் வரிசையிலேயே வேறு ஐபி கொடுத்து, லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்குக் கேபிள் போட்டு வீட்டுக்குள் பின்கட்டில் வைத்துவிடுங்கள், பின்கட்டு அறைகளுக்கு அது போதும்.